கழிக்க வேண்டிய தொகை

பட்டர்வொர்த், பாகான் லுவார் சாலை,
பல் டாக்டருக்கு மேல்மாடி.
படியெல்லாம் கிராம்பு எண்ணெய் வாசம்.
மிஸ் ஊய் மேசையில்
என் புருஷன் ஒரு நீலக் கோப்பு.

முதலில் லோரியின் எண் கேட்டார்கள்.
போலீஸ் ரிப்போர்ட்டுக்காகப் பைக்குள் விட்ட கையை
வெறுமனே வெளியே எடுத்தேன்.
நாலு ஒன்று ஏழு மூன்று.
பார்க்காமலே சொல்வேன்.
எங்கள் அடுக்குமாடிக்கே தெரியும்.
ஜூரு டோல் தாண்டி, விடிகாலை மூன்று மணிக்கு,
விளக்கில்லாமல் நிறுத்தியிருந்த கொள்கலன் லோரி.
பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே
பாதிப் பேர் அந்த நம்பரை எடுத்துவிட்டார்கள்.

கோபம் வரவில்லை.
குணசீலனும் அப்படித்தான்.
எங்கே எது கவிழ்ந்து கிடந்தாலும்
மோட்டாரை ஓரம் கட்டி, ஓடிப்போய்க் கை கொடுப்பார்.
ஆம்புலன்ஸ் போனபிறகு
சிகரெட் பெட்டியில் வண்டி எண்ணைக் குறித்துக்கொள்வார்.

பிணவறைக்கு வெளியே ஒருவன் பேனாவோடு வந்தான்.
“ஒரு கையெழுத்து போதும் அக்கா,
மற்றதை நாங்க பார்த்துக்குவோம்.”
பேனா மூடி கடித்துக் கடித்துச் சப்பையாகியிருந்தது.
அதனால்தான் போடவில்லை.
புத்திசாலித்தனம் ஒன்றுமில்லை.

மிஸ் ஊய் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல
கிராணி இருதயராஜ் தமிழில் இறக்கி வைத்தார்:
“சட்டத்துல ஒரு கணக்கு இருக்கும்மா.
அறுபதுல அவர் வயசு நாற்பத்தாறு போனா பதினாலு.
அதுல பாதி ஏழு.
ஏழு வருசச் சம்பளம்.
அதுல அவர் தனக்குன்னு செலவழிச்சதைக் கழிச்சிடணும்.”

எதற்குக் கழிக்க வேண்டும்?
“செத்தவருக்குச் செலவு இல்லையே.”

சட்டை? தீபாவளிக்கு ஒன்று, நான் எடுப்பது.
சாப்பாடு? நான் கட்டிக் கொடுப்பது.
இருதயராஜ் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி,
“குறைவா இருந்தா உங்களுக்கு நல்லது” என்றார்.
வேறொன்றும் இல்லை என்றேன்.
எழுதிக்கொண்டார்கள்.

அன்றிரவு துணி மடிக்கையில் உறைத்தது,
அந்தத் தாளில் இருப்பவரை எனக்குத் தெரியாது.
புகைக்காதவர், குடிக்காதவர்,
எந்த எண்ணும் கனவில் வராதவர்.
பிறையில் இரவு வேலை, விடிந்தால் வீடு,
இடையில் ஒரு சிரிப்புக்கும் காசு எடுக்காதவர்.
இப்படி ஒருவரோடா இருபது வருடம் குடித்தனம் செய்தேன்?

பதினான்கு மாதம் கழித்து நீதிமன்றம்.
இன்சூரன்ஸ் வக்கீல், தைல வாசத்தோடு,
மலாயில் கேட்டார்: புகைப்பாரா?
மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்குமுன் “யா” என்றேன்.
நம்பர்? யா. புதன், சனி, ஞாயிறு.
மது? சம்பள நாளில் ஒரு பெரிய பாட்டில் ஸ்டவுட்.
கூட வறுத்த கச்சான்;
அதை அவர் கேட்கவில்லை, நானே சொன்னேன்.
மாதம் எவ்வளவு?
நூற்று நாற்பது.

மிஸ் ஊய் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.
நீதிபதி நிமிராமல் குறித்துக்கொண்டார்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை.
கழிவு மட்டும் வந்துவிட்டது.
வாசலில் இருதயராஜ் கைபேசியில் தட்டிக் காட்டினார்,
பதினோராயிரத்து எழுநூற்று அறுபது வெள்ளி.
மகளின் கல்லூரித் தவணை நினைவுக்கு வந்தது.
வயிறு எரியத்தான் செய்தது.
இருக்கட்டும்.
இனி ஏழு வருடம் அவர் குடித்திருக்க வேண்டியது,
புகைத்திருக்க வேண்டியது,
தோற்றுத் தோற்று எடுத்திருக்க வேண்டிய நம்பர்கள்.
அதை வாங்கி நான் என்ன செய்ய?

சொல்ல விட்டுப் போனது:
அந்த வாரமே நாலு ஒன்று ஏழு மூன்று விழுந்தது.
மூன்றாம் மாடி ஆ சுவீ
ஒரு டின் பிஸ்கட்டோடு வந்து
செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.
பெரிய பரிசெல்லாம் இல்லை, ஆறுதல் பரிசுதான் என்றாள்.
என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிள்ளைகள் இரண்டு நாளில் தின்று தீர்த்தார்கள்.
டின்னில் இப்போது
வழக்கு ரசீதுகளைப் போட்டு வைத்திருக்கிறேன்.
மூடி இறுக்கமாக இருக்கிறது, எறும்பு ஏறாது.